பெரிய பாட்டும் நேசபுரத்து உப்பும்

நேசபுரத்து உப்பளத்தில் பாட்டைக் கேட்டு உப்பு எழுந்து நின்ற அன்றைக்கு, மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து பாட்டைப் போட்டுக்கொண்டிருந்த கோயில்பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அவர் கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் எங்கள் ஊரைத் தவிர வேறு யாரும் பாடாத ஒரு மௌனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பின் கதை விளங்காது. ரொம்ப காலத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியாரின் மனைவி கப்பலேறும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத பாரம் என்று ஒரு கிராமபோனையும் ஒரு பெட்டி நிறைய கறுப்புத் தட்டுகளையும் கோயிலுக்கு விட்டுப்போனாள். அந்தத் தட்டுகளில் இருந்தது ஒரே ஒரு பாட்டு. முந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ஜெர்மன்காரர் எழுதியது, பரோக் கால இசை என்று படித்தவர்கள் சொல்வார்கள், நான்கு குரலும் எக்காளமும் பிடிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மலையேறுகிற மாதிரி இருக்கும், முழுசாகக் கேட்டால் ஒரு நேரச் சாப்பாட்டை மறந்துவிடலாம். நாங்கள் அதைப் பெரிய பாட்டு என்றுதான் சொல்வோம். அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த எங்கள் பாட்டன் பாட்டிமார், ஒரு எழுத்து இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்கள், கோயில் உபதேசியார் தமிழில் சொல்லைப் பொருத்திக்கொடுக்க, தட்டைக் கேட்டுக் கேட்டே நான்கு குரலையும் பிடித்துவிட்டார்கள். அதிலே கடைசிப் பெரிய கோரஸ், சபை முழுக்க எழுந்து நிற்கிற கோரஸ், நான்கு குரலும் உச்சிக்கு ஏறி இன்னும் ஒரு படிதான் பாக்கி என்கிற இடத்தில், எங்கள் கோயில் பாடகர் குழுவான கொயர் சட்டென்று வாயை மூடிவிடும். ஒரு சின்ன ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம். யாரும் அசையமாட்டார்கள், பச்சைப்பிள்ளைகூட அழாது. பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக வெடித்துக் கடைசிப் படியை ஏறும். இதற்கு ‘நிறுத்து’ என்று பெயர். தேவதூதர்கள் பாடுவதற்காக விட்ட இடம் என்று சிலர் சொன்னார்கள், கர்த்தர் கல்லறையில் கிடந்த நேரம் என்று சிலர் சொன்னார்கள், மாசமாக இருக்கிற பெண்கள் அந்த நேரத்தில் பிள்ளை புரள்வதாகச் சொன்னார்கள்.

கோயில்பிள்ளை அளத்தில் கணக்கப்பிள்ளை, கோயிலில் கொயர் மாஸ்டர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் நடந்த கொயர் விழாவுக்கு எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் வினை வந்தது. நிறுத்து வந்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நடுவர் கைதட்டினார், மண்டபம் கைதட்டியது, அந்தக் கைதட்டலுக்கு மேலே எங்கள் ஆட்கள் மறுபடியும் உச்சக் குரலில் வெடிக்கவும் மண்டபம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.  திரும்பி வருகிற பஸ்ஸில் கோயில்பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்வி. மூன்று தலைமுறையாக நாம் பாடிக்கொண்டிருப்பது பாட்டா, பிழையா?

கோயிலில் இருந்த பழைய தட்டுகள் அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே உடைந்துபோயிருந்தன, அதனால் அன்றிலிருந்து அவர் பதிவுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். மஸ்கட்டில் இருப்பவன், ஜெர்மனியில் நர்ஸாக இருப்பவள், கனடாவில் மருமகனாகப் போனவன், யார் ஊருக்கு வந்தாலும் பெரிய பாட்டின் ஒரு பதிவைக் கொண்டுவர வேண்டும், சென்ட் பாட்டில் வேண்டாம். அவர் வீட்டில் பகல் முழுக்க அதே பாட்டு ஓடியது. ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடியதோடு ஒப்பிட்டு, இங்கே இவர்கள் மூச்சு வாங்குகிறார்கள், அங்கே அவர்கள் இழுக்கிறார்கள் என்று அவர் குறித்துக்கொண்டே போனாரே தவிர, அவர் தேடிய மௌனம் எதிலும் இல்லை. கடைசியில் அவர் சம்சாரம் ரோஸ்லின், “இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த வெள்ளக்காரக் கூட்டம் இருக்கணும்” என்று சொல்லிவிட்டாள். பாட்டுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு அவர் அளத்து மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் கோடைக்காற்று வரவில்லை. காற்று இல்லாமல் உப்பு இல்லை. பாத்திகளில் உப்புத் தண்ணீர் கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது, வெயில் மட்டும் காய்ந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் உப்பு விளையாவிட்டால் ஊர் அடுப்பில் பூனைதான் தூங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் மோட்டார் ஓட்டுகிற முத்துக்குட்டி ஓடி வந்து கதவைத் தட்டினான்.

“கணக்கப்பிள்ள, பாட்ட நிப்பாட்டிராதிய. வெளிய வந்து பாருங்க, உப்பு எந்திச்சு நிக்கி.”

“கதவச் சாத்தும்வே, தாளம் தப்புது” என்றார் கோயில்பிள்ளை.

ஆனால் உப்பு எழுந்துதான் நின்றது. ஸ்பீக்கரிலிருந்து பாடகர்கள் மூச்சு இழுக்கும்போது தண்ணீர் சுருங்கியது, மூச்சு விடும்போது பாத்தியின் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் வெள்ளை ஏறியது, எக்காளம் ஊதிய இடத்தில் உப்பு குத்துக்குத்தாகப் பூத்தது. பெண்கள் வாருபலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். யாரும் முழங்காலில் விழவில்லை, யாரும் கூவவில்லை. அளத்து வேலைக்காரிக்கு உப்பு வந்தால் வாரத் தெரியும், அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒருத்தி, “நாளைக்குக் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுங்க, மேக்குப் பாத்திக்கு எட்டல” என்றாள்.

இப்படியாக ஊர் பெரிய பாட்டுக்குப் பழகியது. சீக்கிரமே இன்னொன்றும் தெரிந்தது, ஒவ்வொரு பதிவுக்கும் ஒவ்வொரு உப்பு. நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு நின்று ஆற அமரப் பாடிய பழைய லண்டன் பதிவுக்குப் புளியங்கொட்டை அளவு கல்லுப்பு விளைந்தது, கருவாடு போடுகிறவர்கள் அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டோம் என்றார்கள். அந்தக் காலத்து வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குழு ஓட்டமும் நடையுமாகப் பாடிய பதிவுக்கு ‘ஓட்டக்காரன்’ என்று பெயர் விழுந்தது, அதன் உப்பு மாவு மாதிரி, இலையில் வைத்தால் ஊதக்கூடாது. கல்கோயில் ஒன்றில் எதிரொலியோடு பதிந்ததற்கு உள்ளே கூடான உப்பு, தாளிக்கும்போது பட்டாசாக வெடித்தது. பையன்மார் மட்டும் பாடிய பதிவின் உப்பு காலில் உள்ள வெடிப்பில் பட்டாலும் எரியவில்லை, அந்தப் பதிவைப் போடுகிற அன்று பெண்கள் வாருகிற வேகமே தனி. மேடையில் பாடும்போது எடுத்த ஒரு பதிவில் கூட்டத்தில் யாரோ இருமியிருந்தார்கள், அன்றைய உப்பில் கல்லுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. வியாபாரிகள் லாரியை நிறுத்திவிட்டு, “அண்ணாச்சி, இது லண்டனா ஓட்டக்காரனா?” என்று கேட்டு வாங்கினார்கள். காயல்பட்டணத்து பிரியாணி மாஸ்டர் ஒருவர் தானே வந்து கையில் அள்ளி நக்கிப் பார்த்து, கல்கோயில்தான் வேண்டும் என்று ஆள் வைத்துச் சொன்னார்.

அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பாத்தி பாத்தியாக உப்பெடுத்துச் சோதித்தார். உப்புதான் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஒரு மூட்டை பையன்மார் உப்பு கட்டிக்கொண்டு போனார். பாஸ்டர் ஐயா ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்ற வசனத்தை எடுத்து அந்தக் கோடை முழுக்கப் பிரசங்கம் பண்ணினார், அவருக்கும் வேலை மிச்சம். நேசபுரத்தில் ரெண்டு கட்சி உண்டானது. நிதானமாகப் பாடினால்தான் பக்தி என்றது லண்டன் கட்சி, எழுதினவர் காலத்தில் இப்படித்தான் பாடியிருப்பார்கள் என்றது ஓட்டக்காரன் கட்சி. சம்பந்தம் பேசப் போன இடத்தில், “நீங்க எந்தப் பதிவு?” என்று கேட்டுத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்த கூத்தும் நடந்தது. டீக்கடையில் டீ ஆற்றுகிறவனும் டெனர் குரலின் சுருதியைப் பற்றி அபிப்பிராயம் சொன்னான்.

ஊரே கொழித்தது, கோயில்பிள்ளைதான் இளைத்தார். அவருக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு பதிவிலும் கடைசிக் கோரஸ் உச்சிக்கு ஏறும்போது விரலைத் தூக்குவார், பாடகர்கள் நிற்காமல் தாண்டிப் போய்விடுவார்கள், விரலை மடக்குவார். கனடா மருமகன் அனுப்பிய கடைசிப் பதிவுதான் அவரை முடித்துப்போட்டது. பாதிரியார் மனைவி விட்டுப்போன தட்டுகளின் இன்னொரு பிரதியிலிருந்து புதுசாக மாற்றி எடுத்த பதிவு அது. அதே பழைய குரல்கள், அதே இரைச்சல். நிறுத்து வருகிற இடம் வந்தது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், பின்னால் இரைச்சலின் நிறம் மாறியது, பாட்டு தொடர்ந்தது.

தட்டின் ஒரு பக்கம் அங்கே முடிந்திருக்கிறது. அவ்வளவுதான். உபதேசியார் எழுந்து, தட்டைத் தூக்கி, வேட்டி நுனியால் துடைத்து, திருப்பிப் போட்டு, முள்ளை வைத்திருக்கிறார். அந்த நேரம் முழுக்க எங்கள் பாட்டன் பாட்டிமார் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறார்கள், அதையும் பாட்டு என்று மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் கொயரை நிறுத்திவைத்து இதைச் சொன்னார்.  பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவுக்குத் தலைவியான பூரணம், அவருடைய அண்ணன் சம்சாரம், அளத்தில் மேஸ்திரி, இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கிய, கொழுந்தனாரே?”

“நிறுத்த எடுத்துரணும் மயினி. தப்பத் தப்புன்னு தெரிஞ்ச பொறவு பாடலாமா?”

“எங்க மாமியா பாடுனா, நான் பாடுதேன், எம்மவ பாடுதா. எங்க நெஞ்சு அங்க தானா நிக்கி. அத எந்தக் கத்திய வச்சு எடுப்பிய?”

“ஊரு சிரிச்சுதே மயினி!”

“சிரிச்சவன் வீட்டு ஒலையில நம்ம உப்புதான கெடக்கு.”

 கோயில்பிள்ளை கொயர் மாஸ்டர் வேலையை அன்றைக்கே விட்டார். கோயிலை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்று பார்த்தால், அவர்கள் அதுவும் நல்லதுதான் என்றார்கள். உலகத்தின் தலைசிறந்த பாடகர்கள் பெட்டிக்குள் இருக்கும்போது தொண்டை கட்டிய அளத்துக்காரர்கள் எதற்கு, கோயிலிலும் பதிவையே போட்டுவிடலாம். அடுத்த ஞாயிறு பாடகர் வரிசை காலியாகக் கிடந்தது. ஸ்பீக்கர் பாடியது, சபை உட்கார்ந்து கேட்டது. கொயர்ப் பெண்கள் வெள்ளைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பூரணம் பூட்டும்போது அழுதாள் என்று அவள் மகள் சொன்னாள், பூரணமோ அந்துருண்டை நெடி என்றாள்.

அதற்கப்புறம்தான் உப்பு முகத்தைத் திருப்ப ஆரம்பித்தது. முதலில் ஓட்டக்காரன் பதிவுக்குப் பாத்தி லேசாக வெளுத்து மறுபடி தண்ணீராகியது. அடுத்து பையன்மார் பதிவு, கல்கோயில், இருமல். லண்டன் பதிவு மட்டும் பெரிய மனுஷத்தனமாகக் கொஞ்சம் தாக்குப்பிடித்து, ஒருநாள் அதுவும் ஓய்ந்தது. ஸ்பீக்கரைப் பெரிசாக்கினார்கள். ரெண்டு பதிவை ஒரே நேரத்தில் போட்டார்கள், பாத்திகள் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்குப் போயின. மேற்கே மேகம் ஏறத் தொடங்கியது. ஒரு நல்ல மழை விழுந்தால் பாத்தியில் காய்ச்சி வைத்த தண்ணீர் முழுக்கக் கடலோடு சேர்த்திதான், அந்த வருஷத்துப் பிழைப்பும் அதோடு போகும்.

பூரணம் ஒரு காலையில் கொழுந்தன் வீட்டுக்கு வந்தாள். கோயில்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்திங்க. அளத்துல போயிப் பாடுவோம்.”

“உலகத்துலயே பெரிய ஆளுக பாடியே அது எந்திக்கல. நாம பாடியா?”

“அவிய நல்லாத்தான் பாடுதாவ, இல்லங்கல. ஆனா நேத்து எங்க மூச்சு வாங்குனாவளோ இன்னைக்கும் அங்கதான் வாங்குதாவ. எம்புட்டுப் பெரிய விருந்தாளியும் ஒரே கதைய தெனமும் சொன்னா, கேக்கவனுக்குச் சடையாதா? உப்புக்கும் ஒரு மனசு உண்டும்லா.”

உள்ளேயிருந்து ரோஸ்லின் சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். “போயிட்டு வாங்க. நீங்க இப்படி உக்காந்திருக்கதுக்கு, அந்தப் பாட்டே தேவல.”

கோயில்பிள்ளை எழுந்தார். “ஒரே ஒரு கண்டிஷன். நிறுத்து கெடையாது. உள்ளது உள்ளபடி, நிக்காமப் போணும்.” சரி என்றாள் பூரணம். பசித்த வயிறு ரோசம் பார்க்காது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் கொயர் வரப்புகளில் நின்றது. வெள்ளைச் சேலை இல்லை, தலையில் துண்டு, கணவன்மாரின் பழைய சட்டை, காலில் ரப்பர் செருப்பு. உச்சக் குரலான சொப்ரானோப் பெண்கள் கிழக்கு வரப்பில், ஆல்டோப் பெண்கள் மேற்கில், ஆண்குரல்களான டெனரும் பேஸும் மோட்டார் ரூம் பக்கம். லண்டன் கட்சியும் ஓட்டக்காரன் கட்சியும் சண்டையை மறந்து ஒரே குடைக்குக் கீழே நின்றன. கமிட்டிக்காரர்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். கோயில்பிள்ளை ஒரு கவிழ்த்த உப்புக்கூடையின் மேல் ஏறிக் கையைத் தூக்கினார்.

பாடினார்கள். நாளெல்லாம் உப்புக் காற்றைக் குடித்த தொண்டைகள், சுருதி கொஞ்சம் தாழ்ந்துதான் கிடந்தது, டெனரில் ஒருவர் சளியோடு பாடினார், ஆனால் அந்தப் பாட்டு வரப்பு வரப்பாகத் தாவியது, ஒரு குரல் எறிந்ததை இன்னொரு குரல் பிடித்தது, பிடித்ததை மூன்றாவது குரல் தட்டிப் பறித்தது. பாத்தித் தண்ணீர் சிலிர்த்தது. சிலிர்த்ததே தவிர எழவில்லை. பாட்டு ஏறியது. நனைந்த விறகைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஏறினார்கள். கடைசிக் கோரஸ் வந்தது, உச்சி வந்தது, இன்னும் ஒரு படிதான் பாக்கி, கோயில்பிள்ளை அவர்களை நிற்காமல் தாண்ட வைப்பதற்காகக் கையை வீசி ஓங்கினார்.

நின்றுவிட்டார்கள். யாரும் திட்டம் போடவில்லை, பூரணம்கூட கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் நினைத்திருந்தாள். மூன்று தலைமுறையாக அந்த இடத்தில் நின்ற நெஞ்சு, கேட்காமலேயே நின்றுவிட்டது. ஓங்கிய கோயில்பிள்ளையின் கையும் ஆகாசத்தில் அப்படியே நின்றது. அதுவும் அவர் அப்பாவின் கைதானே.

மௌனம். மோட்டார் ஓடவில்லை. காக்கை கத்தவில்லை. அந்த மௌனத்துக்குள்ளே, முதலில் கொலுசுச் சத்தம்போல மெல்லிசாக, பிறகு நன்றாகவே, பாட்டு கேட்டது.

உப்பு பாடிக்கொண்டிருந்தது. பாத்தி பாத்தியாக, தரையிலிருந்து ஒவ்வொரு கல்லும் உடைந்து எழும்போது எழுந்த அந்தச் சத்தம், கொயர் விட்ட இடத்திலிருந்து உச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது, நான்கு குரலுக்கும் மேலே ஐந்தாவது குரலாக. அந்தக் கோடை முழுக்க லண்டன்காரர்களோடும் ஓட்டக்காரனோடும் பையன்மாரோடும் அது கூடவே பாடித்தான் இருக்கிறது. யாரும் அதற்கு ஒரு மூச்சு இடம் விடவில்லை, யாருக்கும் அது கேட்கவில்லை. கேட்காத பாட்டை அது எத்தனை நாளைக்குத்தான் பாடும், அதற்கும் ரோசம் இருக்காதா?

கோயில்பிள்ளை கையை இறக்கவில்லை. ஒரு ஜெபத்தின் நேரம் போனது, இரண்டு ஜெபத்தின் நேரம் போனது, எந்தத் தட்டைத் திருப்பவும் இவ்வளவு நேரம் ஆகாது. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. பாத்திகள் விளிம்புவரைக்கும் வெளுத்தன, உப்பு வரப்பு தாண்டிப் பொங்கி, நின்றவர்களின் கால்விரலை மூடியது. பெரிய கல், பொடிக்கல், கூடான கல், எல்லா வகையும் அதில் இருந்தது, இதுவரைக்கும் பார்க்காத ஒரு வகையும் இருந்தது.

“இறக்குங்க கொழுந்தனாரே” என்றாள் பூரணம், கிசுகிசுப்பாக. “அது நமக்காவக் காத்துக்கிட்டு இருக்கு.”

கை இறங்கியது. நேசபுரம் வாயைத் திறந்தது. கொயர் மட்டும் இல்லை, கட்சிக்காரர்கள், லாரிக்காரர்கள், கமிட்டிக்காரர்கள், பிறந்ததிலிருந்து கோயில் வாசல் மிதிக்காத முத்துக்குட்டி, வீட்டிலிருந்து பின்னாலேயே வந்து மறைந்து நின்ற ரோஸ்லின், எல்லாரும் அந்தக் கடைசிப் படியில் ஏறினார்கள், உப்பும் கூட ஏறியது. அந்தச் சத்தத்தில் மேகம் கொஞ்சம் ஒதுங்கியதாகச் சொல்பவர்கள் உண்டு, நான் மேகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பூரணம், “என்ன பாத்துக்கிட்டு நிக்கிய, வாருங்கட்டி!” என்று ஒரு அதட்டல் போட்டாள், வாருபலகைகள் இறங்கின.

உப்பு அம்பாரங்கள் வீட்டு உயரத்துக்கு ஏறி, ஓலை போட்டு மூடி முடித்த பிறகுதான் மழை வந்தது. அதற்கு முன்னால், வெயிலில் எல்லாரும் வாரிக்கொண்டிருக்கும்போதே, கமிட்டித் தலைவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக விழுந்தடித்து ஓடி வந்தார்.

“மாஸ்டர், இன்னொருக்க அந்த நிறுத்த மட்டும் பாடுங்க, பதிஞ்சு வச்சுக்கிடுதேன். உலகம் பூரா அனுப்பலாம்.”

கோயில்பிள்ளை அந்தப் போனை வாங்கி, அணைத்து, தலைவரின் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்து, பையைத் தட்டிக் கொடுத்தார்.

“உலகம் இங்க வரட்டும்வே” என்றார். “நாளைக்கும் பாடுவோம்லா.”